கான் சாகிபு சண்டை மதச் சண்டையா?

கே: கான் சாகிபு கலகத்தை முஸ்லிம் கிளர்ச்சி எனலாமா? மதுரைக் கோட்டை எப்படி விழுந்தது? அடையாளம் ஏதும் மிச்சம் உண்டா?
– வாசகர், காரைக்குடி

ப: முஸ்லிமின் கிளர்ச்சி என்றால் சரி, மதச் சண்டை என்றால் தப்பு. மதுரைச் சீமையைக் குத்தகைக்கு எடுத்து ஆண்ட கான் சாகிபு என்ற யூசுப் கான் எதிர்த்த ஆர்க்காட்டு நவாப் முகமது அலியும் முஸ்லிம்தானே! தகராறு குத்தகைப் பணத்திலும் அதிகாரத்திலும். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரியை நவாப் தன் கைக்குள் வைக்கப் பார்த்தார். கான் சாகிபு மறுத்தார். நவாபுக்காக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இறங்கியது.

1763 செப்டம்பரில் முற்றுகை தொடங்கியது. மழை பிடித்ததும் நவம்பரில் பின்வாங்கினார்கள். மறு ஆண்டு திரும்பி வந்து, ஜூன் 26 அன்று பீரங்கியால் உடைத்த மதில் வழியே ஏறினார்கள். பலிக்கவில்லை. கம்பெனிப் படைக்குப் பலத்த சேதம், அதன் மேஜர் பிரெஸ்டனே காயம்பட்டு மாண்டார். அதன் பிறகுதான் படைத்தலைவர் மேஜர் கேம்பல் புத்திசாலித்தனமாக நடந்தார்: ஏறுவதை விட்டு, தானியம் உள்ளே போகும் வழிகளை அடைத்தார். பீரங்கிக்கு மசியாத கோட்டை பசிக்கு மசிந்தது. உள்ளே பட்டினி கிடந்த கூட்டத்தில், கான் சாகிபிடம் இருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ஷானும் கூட்டாளிகளும் அக்டோபர் 13 அன்று தலைவரையே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். 15 அன்று தூக்கு.

திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போங்கள். சம்மட்டிபுரத்தில் அவர் தர்கா இருக்கிறது. பெரியார் பஸ் நிலையத்தருகே கோட்டைக் கொத்தளத்தின் ஒரு துண்டும் நிற்கிறது.