எட்டாவது படிக்கற பொண்ணுகிட்ட ஸ்கூல்ல மனநல ஃபாரம் குடுத்தா, அவளே நிரப்பலாமா? மார்க் அதிகமா வந்தா வியாதிதானா?

அவளேதானுங்க நிரப்போணும். பொதுவா குடுக்கறது எஸ்டிக்யூங்கற, பசங்களோட பலம், கஷ்டம் ரெண்டையும் கேக்கற ஃபாரம், குட்மேன்னு ஒரு டாக்டர் 1997ல வெளியிட்டது. 25 கேள்வி, 11 வயசுல இருந்து பசங்களே எழுதலாம், அதுக்கு கீழன்னா அப்பா அம்மாவோ டீச்சரோதான். அடிக்கடி தலைவலி வயித்துவலி வருதான்னு ஒரு கேள்வி இருக்கும், அதைப் பார்த்துட்டு இதுக்கும் மனசுக்கும் என்னடா சம்பந்தம்னு நெனைப்பீங்க, ஆனா நம்மூர்ல பரிச்சை வந்தா வயித்தைப் புடிச்சுட்டு உக்கார்ற பசங்க எத்தனை பேரு, அதுக்கு இஞ்சிச்சாறு குடுத்தே ஓட்டிருவோம். பயம், கவலையெல்லாம் உள்ளயே இருக்கறதால அவ சொன்னாத்தான் தெரியும். துறுதுறுன்னு ஒரு எடத்துல நிக்காம இருக்கறது, அடிதடி இதெல்லாம் நமக்கும் டீச்சருக்கும்தான் நல்லா தெரியும், அதனால மூணு பேரு ஃபாரத்தையும் சேத்துப் பாக்கறது நல்லது.

அவ நிரப்பின ஃபாரத்துல மொத்தம் 40ல 20ஓ அதுக்கு மேலயோ வந்தா வியாதின்னு அர்த்தமில்லைங்க, டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டுங்கன்னுதான் அர்த்தம். கம்மியா வந்தாலும் அவ டல்லா இருந்தா விட்றாதீங்க, நீங்க பக்கத்துல உக்காந்து எட்டிப்பார்த்தா எந்தப் புள்ளைங்க உண்மையை டிக் அடிக்கும்? திருப்பூர்ல ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி வர்றவங்க 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசுவாங்க.