கலர் மாத்தினா போதாதுங்க

இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிளோட 'ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி) ஓவியத்த நியான் கலர்ல போட்டும் வெறும் காப்பி மாதிரி இருக்குன்னு சார் திருப்பிட்டாருன்னு எழுதியிருந்தீங்க, கலர்ல மட்டும் கைய வெச்சா அப்படித்தாங்க ஆகும். படங்கள வெட்டி ஒட்டி அரசியல் பேசுற பிரிட்டிஷ் கலைஞர் பீட்டர் கென்னார்ட் 1980ல பண்ணினத பாருங்க, கான்ஸ்டபிளோட அந்த 1821 ஓவியத்துல மரம், ஆறு, வீடு எல்லாம் அப்படியே இருக்கும், தண்ணிக்குள்ள நிக்கிற வண்டியில மட்டும் க்ரூஸ் ஏவுகணைங்கள ஏத்தி வெச்சிருப்பாரு. அமெரிக்க ஏவுகணைங்கள கான்ஸ்டபிள் வரைஞ்ச அதே கிழக்கு இங்கிலாந்துப் பக்கம் கொண்டுவரப் போறாங்கன்னு பேச்சு ஓடிட்டிருந்த நேரம், அதான் அவ்ளோ குத்துச்சு. 2022ல எண்ணெய் எடுக்குறத எதிர்த்த போராட்டக்காரங்க ஆத்தையே ரோடாக்கி, மேல ப்ளேன் எல்லாம் பறக்கவிட்டு ஒரிஜினல் மேலயே ஒட்டுனாங்க, எனக்கு அது ஓவர் திணிப்பு. நீங்க ஒரே ஒரு பொருள மாத்துங்க, நிழல் மட்டும் ஒரிஜினல்ல விழுற பக்கமே விழணும், இல்லன்னா ஒட்டுனது பளிச்சுனு தெரிஞ்சிடும்.