அமேசான் அகழிகளும் பிரேசில் நட்டும்: காட்டை அழித்தார்களா?

'அமேசானில் பழங்கால மக்கள் அகழி வெட்டினார்கள் என்றால் காட்டையும் அழித்திருப்பார்களே?' என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை.

பிரேசிலின் ஆக்ரே மாநிலத்தில் வட்டமும் சதுரமுமாக 450-க்கு மேற்பட்ட அகழி வடிவங்கள் உண்டு. அகழி சுமார் 11 மீட்டர் அகலம், 4 மீட்டர் வரை ஆழம். உள்ளே பானை ஓடுகள் சொற்பம் என்பதால் ஊர் என்பதைவிடச் சடங்குக்குக் கூடிய இடம் என்பதே பொருத்தம். 2017-இல் வெளியான மண் ஆய்வில் பெருமளவு காடழிப்புக்குத் தடயம் கிடைக்கவில்லை. மூங்கிலைக் கொஞ்சம் விலக்கி, பனை வகைகளைப் பெருகவிட்டிருக்கிறார்கள். இந்த அகழிகள் கண்ணில் பட்டதே மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை வெட்டிய பிறகுதான் என்பது வேறு கதை!

அதே மாநிலத்தில் இன்றும் பிரேசில் நட் (ஒரு காட்டு மரத்தின் உண்ணும் கொட்டை) பொறுக்குகிறார்கள். மரம் ஏறுவதில்லை, மழைக்காலத்தில் காய் தானே விழும். ஒரு காய் 2 கிலோ வரை இருக்கும், தலையில் விழுந்தால் ஆள் காலி. அதனால் பெரும்பகுதி விழுந்து ஓயும்வரை காத்திருந்து, பிறகு வெட்டுக்கத்தியால் ஓட்டைப் பிளந்து கொட்டையை எடுப்பார்கள். ரொம்பவும் தாமதித்தால் ஈரத்தில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும்.

ஒன்றுவிடாமல் பொறுக்குவதும் தப்பு. அகூட்டி என்ற கொறிவிலங்கு புதைத்து மறந்த கொட்டைதான் அடுத்த மரம். பல ஆண்டு வழித்தெடுத்த காடுகளில் கிழட்டு மரங்கள் நிற்கும், கன்றுகள் அரிது. மேய்ச்சல் நிலத்தில் தனியாக விட்ட மரமும் சரியாகக் காய்க்காது. மகரந்தம் சேர்க்கும் பெரிய தேனீக்களுக்குச் சுற்றிலும் காடு வேண்டும்.