லண்டன்–சென்னை பாயிண்ட்ஸ் டிக்கெட்டில் வரியையும் சர்சார்ஜையும் குறைப்பது எப்படி?

பிரிட்டிஷ் ஏர்வேஸில் பயன்படும் அவியோஸ் பாயிண்ட்ஸ் சேர்த்து வைத்து, குடும்பத்தோடு சென்னைக்குப் போகலாம் என்று டிக்கெட் பார்த்தால் பாயிண்ட்ஸும் போகிறது, அதற்கு மேல் "வரி மற்றும் கட்டணம்" என்று தலைக்கு நூற்றுக்கணக்கான பவுண்டும் கேட்கிறார்கள், இதைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. முழுசாக இல்லாமல் செய்ய முடியாது, ஆனால் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு நல்ல தொகை மிச்சமாகும். பத்து வருஷமாக இதே வழித்தடத்தில் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் வேலை, அந்த மொத்தத் தொகையைப் பிரித்துப் பார்ப்பது. அதில் அரசாங்கத்துக்குப் போகும் வரி இருக்கும், விமான நிலையக் கட்டணம் இருக்கும், அப்புறம் விமான நிறுவனம் தானே சேர்த்துக்கொள்ளும் சர்சார்ஜ் இருக்கும். டிக்கெட் விவரத்தில் ஒய்கியூ அல்லது ஒய்ஆர் என்ற குறியீட்டோடு வருவது இந்தக் கடைசி வகை. இது வரியே கிடையாது, டிக்கெட் விலையின் ஒரு பகுதிதான். 2004 வாக்கில் எண்ணெய் விலை ஏறியபோது எரிபொருள் சர்சார்ஜ் என்று சில பவுண்டில் ஆரம்பித்தது, ஒன்றரை வருஷத்தில் நீண்டதூரப் பயணத்துக்குப் போக வர 60 பவுண்டு ஆகிவிட்டது. அதைப் போட்டி நிறுவனத்தோடு பேசிவைத்து ஏற்றியதற்காக 2007-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 12.15 கோடி பவுண்டு அபராதம் அறிவித்தார்கள் (2012-ல் அதை 5.85 கோடியாகக் குறைத்தார்கள்). எண்ணெய் விலை பிறகு எத்தனையோ முறை இறங்கியும் சர்சார்ஜ் போகவில்லை. வரி என்று நினைத்துப் பேசாமல் கட்டிவிடுகிறோமே என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

சர்சார்ஜைத் தவிர்க்க ஒரே நல்ல வழி, அதை வசூலிக்காத பாயிண்ட்ஸ் திட்டத்தின் மூலம் எடுப்பது. ஒரே விமானம், ஒரே சீட், ஆனால் எந்தத் திட்டத்தின் பாயிண்ட்ஸில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கட்டவேண்டிய பணம் மாறும். ஏர் கனடாவின் பாயிண்ட்ஸ் திட்டமான ஏரோப்ளான் 2020 நவம்பரில் தன் விதிகளை மாற்றியபோது பாயிண்ட்ஸ் டிக்கெட்டுக்கு இந்த சர்சார்ஜையே எடுத்துவிட்டது. கூட்டு நிறுவனத்தின் விமானம் என்றால் 39 கனேடிய டாலர் மட்டும் தனியாக வாங்கும். அப்படி ஒரு கூட்டு நிறுவனமான லுஃப்தான்சாவில் ஃபிராங்பர்ட் வழியாகச் சென்னைக்கு சீட் கிடைத்தால் இது அருமையான வழி. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு டொராண்டோவில் அக்காவோ சித்தப்பாவோ இருப்பார்கள், அவர்கள் கணக்கில் ஏரோப்ளான் பாயிண்ட்ஸ் கிடந்தால் உங்கள் பெயருக்கு டிக்கெட் எடுத்துத் தரலாம். போன வருஷம் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

சரி, அவியோஸ்தான் இருக்கிறது என்றால்? பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் ஒரே சீட்டுக்கே பல விலை காட்டும், அதிக அவியோஸ் கொடுத்தால் பணம் குறையும். உடனே குறைந்த பணத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். கணக்குப் போடுங்கள். 10,000 அவியோஸ் கூடுதலாகக் கொடுத்து 60 பவுண்டு குறைகிறது என்றால் ஒரு அவியோஸுக்கு 0.6 பென்னிதான் கிடைக்கிறது. நான் 1 பென்னிக்குக் கீழே போனால் பணமாகவே கட்டிவிடுவேன்.

இப்போது உண்மையான வரி. பிரிட்டனில் ஏர் பாசஞ்சர் டியூட்டி, சுருக்கமாக ஏபிடி. இது பிரிட்டனிலிருந்து கிளம்பும்போது மட்டும்தான், உள்ளே வரும்போது கிடையாது. இந்தியாவுக்கு 2026 ஏப்ரல் முதல் எகானமியில் 102 பவுண்டு, அதற்கு மேலான எந்த வகுப்பானாலும் 244 பவுண்டு. பிரீமியம் எகானமிக்கும் பிசினஸுக்கும் ஒரே வரி என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அதனால் பிசினஸில் ஒருமுறையாவது போகவேண்டும் என்ற ஆசை இருந்தால், போகும்போது எகானமி, வரும்போது பிசினஸ் என்று இரண்டு ஒருவழி டிக்கெட்டாக எடுங்கள். ஒரு ஆளுக்கு 142 பவுண்டு அங்கேயே மிச்சம்.

பிள்ளைகள் இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்: 2016 மார்ச் முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எகானமியில் ஏபிடி கிடையாது. ஆனால் விமான நிறுவனங்கள் 12 வயதிலேயே பெரியவர் கட்டணத்துக்கு மாற்றிவிடுவதால் வரியும் கூடவே விழுந்துவிடும். 2024 கோடையில் என் பெரியவனுக்கு 14 வயது, ஒரு நிறுவனம் 88 பவுண்டு ஏபிடி போட்டிருந்தது. பிறந்த தேதியைச் சொல்லி இரண்டு முறை போன் பண்ணி அலைந்த பிறகுதான் திருப்பித் தந்தார்கள். டிக்கெட் எடுக்கும்போதே பிள்ளையின் வயதைச் சரியாகக் குறிப்பிட இடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

வேறு நாட்டிலிருந்து கிளம்பி லண்டனில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறினால் ஏபிடி இல்லை. அதனால் டப்ளினிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள், அயர்லாந்து தன் விமானப் பயண வரியை 2014-லேயே எடுத்துவிட்டது. ஒரு ஆளுக்குச் சரிதான். குடும்பத்தோடு எனக்கு இது சரிப்படவில்லை: டப்ளின் வரை தனி டிக்கெட், பெட்டிகளோடு அலைச்சல், முதல் விமானம் தாமதமானால் மீதி எல்லாம் போச்சு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு லண்டனில் குடியிருந்தாலும் அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டும், அதை மறந்துவிட வேண்டாம்.

அதே 24 மணி நேர விதி இன்னொரு பக்கமும் கடிக்கும். டொராண்டோவிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் அக்கா எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள், அதற்காகவே அவள் டிக்கெட்டில் ஏபிடி ஏறியது. தெரிந்தேதான் கட்டினாள், பிள்ளைகளைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று.

கடைசியாக ஒன்று. டிக்கெட் எடுத்துவிட்டுப் பயணம் செய்யாமல் போனால் ஏபிடியைத் திருப்பிக் கேளுங்கள். ஆள் விமானம் ஏறினால்தான் நிறுவனம் அந்த வரியை அரசுக்குக் கட்டவேண்டும். சில நிறுவனங்கள் கையாளும் கட்டணம் பிடிப்பார்கள், பிடித்தாலும் கேளுங்கள்.