போனது போட் இல்லை, தண்ணீர்

கேள்வி: விசுவமடுவில் இருக்கிறோம். பதினான்கு மாதத்துக்கு முன் தவணைக்கு எடுத்த வோஷிங் மெஷின், மேலால் உடுப்புப் போடுவது, 8 கிலோ. இரண்டு மாதமாகப் பாதியில் நிற்கிறது. தோய்க்கும் வரை சரி. அலசத் தண்ணீர் எடுக்கும்போது நின்று, 'ஐஈ' என்று காட்டிக் கத்துகிறது. நிறுத்திப் போட்டால் சில வேளை ஓடும். விடியற்காலை போட்டால் பெரும்பாலும் முழுதாக ஓடிவிடும், பின்னேரம்தான் மோசம். தாங்கி 500 லீற்றர், ஏழடித் தூணில் இருக்கிறது. அழுக்குத் தண்ணீர் வாழைக்குப் போக ஹோஸ் போட்டிருக்கிறோம். திருத்த வந்தவர், போட் (மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகை) போய்விட்டது, கழற்றி வவுனியாவுக்கு அனுப்ப வேண்டும், 28,000 ரூபா, பாதி முற்பணம் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். போட்டைக் கழற்றவும் விட வேண்டாம். மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

தங்கச்சி, விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. விடியற்காலை ஓடுகிறது, பின்னேரம் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போட்டுக்கு விடிந்ததும் தெரியாது, பொழுதுபட்டதும் தெரியாது. உங்கள் வீட்டில் நேரத்துக்கு நேரம் மாறுவது இரண்டுதான்: தாங்கியில் இருக்கும் தண்ணீர், கம்பியில் வரும் கரண்ட். இதில் எது என்பதையும் மெஷினே எழுதிக் காட்டிவிட்டது. எந்தக் கம்பனி மெஷின் என்று நீங்கள் எழுதவில்லை. எல்.ஜி. மெஷின்களில் 'ஐஈ' என்றால் உள்ளே வரும் தண்ணீர் போதவில்லை என்று பொருள். சாம்சங் அதையே '4ஈ' அல்லது '4சீ' என்று காட்டும். 'ஓஈ', '5ஈ', '5சீ' வந்தால் தண்ணீர் வெளியே போகவில்லை. 'யூஈ' என்றால் பெட்சீற் ஒரு பக்கம் சுருண்டு கிடக்கிறது, பிரித்துப் போட்டால் சரி. 'டீஈ' என்றால் மூடி பூட்டுப்படவில்லை. இவ்வளவையும் பார்த்துச் சொல்லுகிற போட் செத்துவிட்டதாம்! செத்த மனிதன் எழும்பி எனக்கு இன்ன வருத்தம் என்று சொல்வானா?

மெஷின் தண்ணீர் எடுக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது வால்வைத் திறந்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா என்று ஒரு மெல்லிய குழாய் மூலம் உணர்ந்தபடி நேரத்தை எண்ணும். குறித்த நேரத்துக்குள் மட்டம் ஏறாவிட்டால் நின்று கத்தும். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. தாங்கி வெறுமையா, வால்வின் வாயில் மண் அடைத்திருக்கிறதா, யாராவது பைப்பைப் பூட்டிவிட்டார்களா, எல்லாவற்றுக்கும் அதே இரண்டு எழுத்துத்தான்.

இனி உங்கள் ஏழடித் தூண். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போரில் விழுந்த பெரிய தண்ணீர்த் தாங்கியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை அவ்வளவு உயரத்தில் கட்டியது அழகுக்கு இல்லை. தண்ணீரின் அமுக்கம் உயரத்தில்தான் இருக்கிறது. ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 பார் ('பார்' என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு), அவ்வளவுதான். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் வேண்டும் என்று போட்டிருக்கும். அதாவது ஹோஸ் பூட்டும் மெஷினின் வாயிலிருந்து மூன்று தொடக்கம் ஐந்து மீற்றர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். உங்கள் தாங்கியின் அடி ஏழடியில், மெஷினின் வாய் மூன்றரை அடியில். மிச்சம் மூன்றரை அடி, ஒரு மீற்றர் சொச்சம். தாங்கி முட்டி நிற்கும்போது இன்னொரு மூன்றடி சேரும். நிறைந்த தாங்கியிலேயே இரண்டு மீற்றர்தான் தேறுகிறது என்றால், மத்தியானம் எல்லோரும் குளித்து, சமைத்து, கோழிக்கும் வைத்த பிறகு என்ன இருக்கும்? அதோடு ஒரு தோய்ப்புக்கு மெஷினே நூறு லீற்றருக்கு மேல் குடிக்கும். முதல் தண்ணீர் எடுக்கும்போது இருந்த மட்டம் அலசலுக்கு வரும்போது இல்லை. பாதியில் நிற்பதன் இரகசியம் இதுதான்.

இதை விற்றவர் உங்களிடம் தாங்கி எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். இந்த இருபது வருடத்தில் நான் பார்த்த விற்பனையாளர்கள் மாதத் தவணை எவ்வளவு கட்டுவீர்கள், பிணைக்கு யார் நிற்பார்கள் என்று கேட்டார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்ட ஒருவரைக் காணவில்லை. தூண் கட்டும் மேசனிடம் கேட்டால் "ஏழடி காணும், எல்லாருக்கும் அதுதான்" என்பார். கிணற்றடிப் பைப்புக்குக் காணும்தான். மெஷினுக்குக் காணாது.

சரி, நாளைக் காலையில் செய்ய வேண்டியது. மெஷினின் பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர்ப் பைப்பைப் பூட்டி, மெஷினுக்குள் போகும் ஹோஸைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். கழற்றிய ஹோஸின் வாயை ஒரு பத்து லீற்றர் வாளிக்குள் விட்டுப் பைப்பைத் திறந்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குக் கிட்ட நிறைந்தால் நல்லது. இரண்டு, மூன்று நிமிடம் எடுத்தால் நோயைப் பிடித்துவிட்டீர்கள். வாளியை மெஷினின் வாய் இருக்கும் உயரத்தில் ஒரு கதிரை மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நிலத்தில் வைத்தால் கணக்குப் பிழைக்கும். இதே சோதனையைப் பின்னேரமும் ஒரு தடவை செய்யுங்கள்.

ஹோஸ் கழன்ற இடத்தில், மெஷினின் வாய்க்குள் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். குறட்டால் மெதுவாக இழுத்தால் வரும். பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நம்மூர் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலின் அடியில் படிகிறதே ஒரு வெள்ளை, அது அதிலும் படிந்திருக்கும். தேசிக்காய்ப்புளியிலோ வினாகிரியிலோ ஒரு மணித்தியாலம் ஊற விட்டால் கழன்றுவிடும். சல்லடை இல்லாமல் மட்டும் திருப்பிப் பூட்ட வேண்டாம். "இது இருந்தால்தான் அடைக்கும்" என்று பிடுங்கி எறிந்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். பிறகு மண் வால்வுக்குள் போகும், வால்வு மூடாது, கரண்ட் இல்லாத இரவிலும் மெஷின் நிறைந்து வழியும்.

சல்லடை துப்புரவாக இருந்தும் வாளி நிறையப் பிந்தினால், தாங்கியிலிருந்து மெஷினுக்குத் தனியாக ஒரு பைப் இழுங்கள். அரை அங்குலம் வேண்டாம், ஓர் அங்குலம் போட்டு மெஷினுக்குக் கிட்ட வந்து குறையுங்கள். வளைவு குறைவாக இருக்கட்டும். தூணை உயர்த்த வசதியிருந்தால் அதுதான் நிரந்தர வழி. இல்லாவிட்டால் மெஷினுக்கு மட்டும் அமுக்கம் கொடுக்கும் சின்னப் பம்ப் இருக்கிறது, பூட்டலாம். அதுவரைக்கும் ஒரு கைவைத்தியம்: 'ஐஈ' காட்டினால் வாளியால் தண்ணீரை நேரே தொட்டிக்குள் ஊற்றி, மூடியை மூடி, ஸ்டார்ட்டை அழுத்துங்கள். மட்டம் ஏறியதும் மெஷின் தன் பாட்டில் ஓடும். ஓடினால் போட் நல்லாக இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இப்போது அந்த வாழை ஹோஸ். இதில்தான் கனபேர் குழம்புகிறார்கள், திருத்துகிறவர்களும் சேர்த்து. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். மெஷின்களில் இரண்டு சாதி. ஒன்று, அழுக்குத் தண்ணீரைப் பம்ப் வைத்துத் தள்ளுவது. முன்னால் கதவு உள்ளவை எல்லாம் இந்தச் சாதி. மற்றது, அடியில் ஒரு கதவைத் திறந்துவிட, தண்ணீர் தானாக வடிந்து போவது. மேலால் உடுப்புப் போடுபவற்றில் கனக்க இந்தச் சாதி, ஆனால் பம்ப் உள்ளவையும் உண்டு. பம்ப் உள்ளதுக்கு ஹோஸின் நுனி உயரத்தில், ஏறக்குறைய மெஷினின் மேல்மட்டத்துக்குக் கிட்ட, வளைந்து நிற்க வேண்டும். அதை நிலத்தில் விட்டால் மேலால் வரும் தண்ணீர் அடியால் ஓடிக்கொண்டேயிருக்கும். வாழைக்குக் கொண்டாட்டம், மெஷினுக்கு எவ்வளவு குடித்தாலும் வயிறு நிறையாது. கடைசியில் அதுவும் 'ஐஈ' என்றுதான் காட்டும். தானாக வடிவதற்கு நேர்மாறு. ஹோஸ் நிலத்தோடு கிடக்க வேண்டும், தூக்கிக் கட்டினால் தண்ணீர் போகாது. நீளம் கூடினாலும் இடையில் காற்று அடைத்து மெல்ல வடியும், அப்போது 'ஓஈ' காட்டும்.

உங்களுடையது எந்தச் சாதி என்று அறிய, தண்ணீர் வெளியேறும்போது காது கொடுங்கள். 'ர்ர்ர்' என்று தொடர்ந்து உறுமினால் பம்ப். ஒரு 'டக்' சத்தத்தோடு சலசலவென்று போனால் மற்றது. பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, தொட்டிக்குள் நாலைந்து வாளி தண்ணீர் ஊற்றி, ஹோஸின் நுனியைப் போய்ப் பாருங்கள். சொட்டும் வராவிட்டால் ஹோஸில் குற்றமில்லை, வாழை அப்படியே குடிக்கட்டும். தண்ணீர் ஓடினால், பம்ப் சாதியாக இருக்கும்போது ஹோஸை உயர்த்திக் கட்டுங்கள். தானாக வடியும் சாதியிலும் ஓடினால் அடிக் கதவில் ஏதோ சிக்கியிருக்கிறது. அதற்கு ஹோஸைத் தூக்கிக் கட்டிச் சமாளிக்கக் கூடாது, கழற்றித் துப்புரவாக்க வேண்டும். பிள்ளைகளின் பொக்கற்றிலிருந்து வந்த வேப்பங்கொட்டை, சட்டைப் பின், ஒருமுறை ஒரு பித்தளைப் பொத்தான் என்று நான் எடுக்காத சாமான் இல்லை.

போட் வியாபாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர் கரண்ட் அளக்கும் மீற்றரை வெளியே எடுக்கமாட்டார், வாளி கேட்கமாட்டார். மூடியைத் திறந்து ஒரு பெருமூச்சு விடுவார், "போட் போயிட்டுது அக்கா." கழற்றிக்கொண்டு போவார். ஒரு கிழமைக்குப் பிறகு உங்கள் போட்டையே துடைத்துக் கொண்டுவந்து பூட்டி, சல்லடையையும் கழுவிவிட்டு, காசை வாங்குவார். மெஷின் ஓடும், நீங்களும் நம்புவீர்கள். மோசமான ஆளென்றால் உங்கள் நல்ல போட்டை வேறொரு வீட்டுக்குப் பூட்டிவிட்டு, ஒட்டுவேலை செய்த பழையதை உங்களுக்குத் தருவார். இடையில் அனுப்பி வைத்தவருக்கும் ஒரு பங்கு. எனவே போட் மாற்றத்தான் வேண்டும் என்று யார் சொன்னாலும், எதை அளந்து கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். கழற்றுவதற்கு முன் அதன் இலக்கத்தைப் போனில் படம் எடுங்கள். பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். இந்த மூன்றையும் கேட்டதும் பாதிப் பேருக்கு வேறு அவசர வேலை வந்துவிடும்.

கம்பனியின் சேவை நிலையத்துக்கு ஏன் எடுக்கவில்லை என்று உங்களைக் கேட்க எனக்கு மனமில்லை. எடுத்தால் தமிழுக்கு இந்த எண்ணை அழுத்துங்கள் என்று சொல்லும், அழுத்தினால் சிங்களத்தில் ஒருவர் வருவார், உங்கள் ஊர் எங்கள் பாதையில் இல்லை என்பார். உங்கள் ஊரால் போகும் பரந்தன்–முல்லைத்தீவு வீதி ஏ35 என்று இலக்கம் போட்ட பெருந்தெரு. கடைக்காரரின் லொறிக்கு அந்தப் பாதை தெரிந்ததே! வொரன்டி அட்டையையும் பாருங்கள். மோட்டருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும், மிச்சம் எல்லாவற்றுக்கும் ஒரு வருடம் என்று பொடி எழுத்தில். மோட்டர் எளிதில் பழுதாகாது என்பது அவர்களுக்கும் தெரியும். வொரன்டிக் காலத்துக்குள் உள்ளவர்கள் பற்றுச்சீட்டோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டுத் தராமல் தவணைப் புத்தகம் மட்டும் தரும் இடத்தில் வாங்கவே வேண்டாம்.

கரண்டையும் ஒருக்கால் பாருங்கள், பின்னேரம் என்பதால் சொல்கிறேன். எழுத்து எதுவும் காட்டாமல் மெஷின் அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க நின்றால் அது வோல்ட்டேஜ் குறைவு. 230 இருக்க வேண்டியது, மாலை ஆறரைக்குப் பிறகு கம்பியின் கடைசி வீடுகளில் நன்றாக விழும். கிணற்று மோட்டர் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியிலும் விழும். இரண்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள். தாங்கியை நிரப்பி, மோட்டரை நிறுத்தி, அதன் பிறகு மெஷினைப் போடுங்கள். உங்கள் இரண்டு வருத்தத்துக்கும் இந்த ஒரு பழக்கமே பாதி மருந்து. மெஷினைத் தொட்டால் சுண்டினாலோ, ட்ரிப் சுவிச் விழுந்தாலோ மட்டும் நீங்கள் எதையும் கழற்றிப் பார்க்க வேண்டாம். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப்பை விலத்தி நேரே கரண்ட் கொடுக்கிறேன் என்று சொல்பவரைப் படலையோடு திருப்பி அனுப்புங்கள்.

காலையும் பின்னேரமும் வாளி நிறைய எத்தனை நிமிடம் எடுத்தது, ஹோஸின் நுனியில் தண்ணீர் வந்ததா இல்லையா, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பைப்பா, தூணா, பம்பா என்று அப்போது சொல்கிறேன்.