வாசகர் கேள்வி பதில்: மன்னிப்பைப் பேசும் கிறிஸ்தவ நாவல்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. அப்பா இறந்தபின் ஊர்க் காணியைப் பங்கிட்டபோது இரண்டு அண்ணன்மாருக்கும் இடையே மனக்கசப்பு ஏற்பட்டு, இன்று அவர்களுக்குள் கதைபேச்சு இல்லை. குடும்பம், விசுவாசம், மன்னிப்பு ஆகியவற்றைப் பேசும் கிறிஸ்தவ நாவல்களை, இயன்றவரை தமிழில், அம்மா வாசிப்பதற்குப் பரிந்துரைப்பீர்களா? பிரசங்கமாக இருக்கும் கதைகள் அவருக்குப் பிடிப்பதில்லை.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் அம்மாவின் விருப்பமின்மையையே நான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். லூக்கா 15ஆம் அதிகாரத்தில், கெட்ட குமாரன் திரும்பி வந்ததும் தகப்பன் ஓடிச்சென்று கட்டி அணைக்கிறார். ஆனால் மூத்தவன் கோபங்கொண்டு வீட்டுக்குள் வர மறுக்கிறான், தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார், அவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலே இயேசு உவமையை நிறுத்திவிடுகிறார். வாசலில் நிற்கும் அந்த மூத்தவனை மறந்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் போதகர் ஜெபித்ததும் எல்லோரும் கட்டித் தழுவிக்கொள்ளும் நாவல்கள் உங்கள் வீட்டுக்கு உதவமாட்டா. மன்னிக்கிறவர் ஏதோ ஒன்றை இழந்துதான் மன்னிக்கிறார் என்று அறிந்து எழுதியவர்களைத் தேட வேண்டும்.

முதலில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலைக் கொடுங்கள். 1964இல் வெளிவந்த இந்நாவல், கன்னியாகுமரிப் பகுதியில் பெருமை குன்றிவரும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தையும், அந்த வீட்டுப் பெண் லிஸியையும், அவள் விரும்பும் பனையேறி தங்கராஜையும் பற்றியது. ஒரே சாதிக்குள்ளேயே தொழிலைக் காரணங்காட்டி ஒருவரை ஒருவர் தாழ்வாக நினைப்பதையும், பழைய வீட்டின் பெயரைக் காப்பாற்றுவதற்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதையும் ஆசிரியர் குரலை உயர்த்தாமல் சொல்லிவிடுகிறார். காணியும் வீடும் உறவைத் தின்பதைக் கண்ட ஒரு தாய்க்கு இது அந்நியமான கதையாக இராது. வட்டார வழக்கு தொடக்கத்தில் சற்றுத் தடுக்கக்கூடும். சில பக்கங்களை வாய்விட்டு வாசித்தால் காது பழகிவிடும்.

அடுத்து, விக்டர் ஹியூகோ 1862இல் எழுதிய பெருநாவலின் தமிழ் வடிவமான, சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’. 19 ஆண்டுகள் சிறையிருந்து வந்தவன், தனக்கு உணவும் படுக்கையும் கொடுத்த ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களையே திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் அவனைப் பிடித்து வந்தபோது, விளக்குத் தண்டுகளையும் உனக்குத்தானே கொடுத்தேன், ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று ஆயர் கேட்கிறார். அந்த எளிய வீட்டில் விலைமதிப்புள்ளவையாக இருந்தவை அவைதாம் என்பதை நினைவில் வைத்து வாசிக்க வேண்டும்.

டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ வேறொரு பக்கத்திலிருந்து பேசுகிறது. தான் இளமையில் கெடுத்துக் கைவிட்ட பெண், கொலைக் குற்றம் சுமத்தப்பட்டு நிற்கும் வழக்கில், நெஹ்லூதவ் ஜூரர்களில் ஒருவனாக அமர்ந்திருக்கிறான். மனம் வருந்தி அவளைப் பின்தொடர்ந்து சைபீரியாவரை போகிறான். அவளோ அவனை மணக்க மறுத்து வேறொருவரைத் தேர்ந்துகொள்கிறாள். மன்னிப்புக் கேட்டவன் நினைத்தபடியெல்லாம் உறவு மீண்டுவிடாது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன நாவல்கள் மிகச் சில.

நீங்கள் ஆங்கிலம் வாசிப்பவரானால் இரண்டு நாவல்களை வாசித்து, கதையை அம்மாவுக்குச் சொல்லுங்கள். ஆலன் பேட்டன் 1948இல் எழுதிய ‘க்ரை, த பிலவ்ட் கன்ட்ரி’ இரண்டு தகப்பன்மாரின் கதை. தென்னாபிரிக்கக் கிராமமொன்றின் கறுப்பினக் குருவான ஸ்டீஃபன் குமாலோ, ஜொகனஸ்பேர்க்கில் தொலைந்துபோன மகனைத் தேடிச் செல்கிறார். அந்த மகன் ஒரு வெள்ளையரைச் சுட்டுக் கொன்றுவிட்டான் என்றும், இறந்தவர் தன் கிராமத்துக்கு மேலேயுள்ள பண்ணைக்காரர் ஜார்விஸின் மகன் என்றும் அறிகிறார். இரு தகப்பன்மாரும் நேருக்கு நேர் சந்திக்கும் பக்கங்களை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் இருக்க வேண்டியதாகிறது. இறந்த மகன் எழுதி வைத்த தாள்களை வாசித்து வாசித்தே ஜார்விஸ் மெல்ல மாறுகிறார். பின்னர் குமாலோவின் கிராமத்துக் குழந்தைகளுக்குப் பால் அனுப்புகிறார். மற்றது மெரிலின் ராபின்சனின் ‘கிலியட்’ (2004), புலிட்சர் பரிசு பெற்றது. தன் இருதயம் நலிந்துவிட்டதை அறிந்த முதிய போதகர், சிறுவனான மகனுக்கு எழுதி வைக்கும் நீண்ட கடிதம் அது. வாழ்நாள் முழுவதும் மன்னிப்பைப் போதித்த அவருக்கே, தன் நண்பரின் மகனை, தன் பெயரையே தாங்கியவனை, மன்னிப்பது எளிதாக இருப்பதில்லை.

அண்ணன்மாருக்கு இவற்றில் எதையும் இப்போது அனுப்ப வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அனுப்பினால், புத்தகத்தைக் காட்டித் தம்மைக் குற்றஞ்சாட்டுவதாகவே இருவரும் எண்ணுவார்கள்.

கேள்வி: ஈழத்து எழுத்தாளர்களில் இப்படி எழுதியவர்கள் உண்டா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: உண்டு. மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இலேயே வெளிவந்தது. ஈழத்துப் பெண் நாவலாசிரியர்களில் முன்னோடியாக மதிக்கப்படுபவர் அவர். தலைப்பு, ‘நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயத்தை நீர் புறக்கணியீர்’ என்ற 51ஆம் சங்கீதத்தை நினைவூட்டுவது. கணவனின் கொடுமையை விசுவாசத்தோடு பொறுத்துக்கொள்ளும் மனைவியை அது உருக்கமாகக் காட்டுகிறது. யாழ்ப்பாணக் குடும்பங்களின் உட்புறத்தை ஒரு பெண் அக்காலத்தில் இவ்வளவு துணிவோடு எழுதியதை நான் வணங்குகிறேன். ஆயினும் இளம்பெண்ணுக்கு இதைக் கொடுப்பவர், மன்னிப்பது என்றால் அடிக்கிற கையிடமே திரும்பிப் போவது என்று பொருளல்ல என்பதையும் அவளோடு கட்டாயம் பேச வேண்டும். பழைய ஈழத்து நூல்களை ‘நூலகம்’ இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் தன் சகோதரியை இழந்தவர் என் தோழி. பிறந்தநாளுக்கு அவருக்கு மன்னிப்பைப் பற்றிய நாவல் ஒன்றைக் கொடுக்கலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அவராகக் கேட்காதவரை கொடுக்க வேண்டாம். நல்ல எண்ணத்தோடு கொடுத்தாலும், ‘இன்னும் நீ மன்னிக்கவில்லையா’ என்ற கேள்வியாகவே அது அவர் கையில் போய்ச் சேரும். அவர் எப்போதும் விரும்பி வாசிக்கும் எழுத்தாளரின் புத்தகம் எதுவாயினும் அதை வாங்கிக் கொடுங்கள். சகோதரியைப் பற்றி அவர் பேசத் தொடங்கும் நாளில், எத்தனை மணிநேரமானாலும் உடனிருந்து கேளுங்கள். என்றாவது அவரே இப்படியொரு நாவல் இருக்கிறதா என்று கேட்டால், பேட்டனின் நாவலைச் சொல்லுங்கள். அதில் யார் எப்படி இறக்கிறார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.