யமகாசா பார்க்க ஃபுகுவோகா வர்றீங்களா? கேளுங்க, சொல்றேன்

ஒன்பது வருஷமா ஜப்பான்ல, ஃபுகுவோகாவுல, ஹகாதா ஸ்டேஷன் பக்கம்தான் குடியிருக்கேன். ஜூலையில நடக்கிற யமகாசா தேர்த் திருவிழாவுக்கு வர்றவங்க அனுப்பின கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, யமகாசா ஜூலை 1-லேருந்து 15 வரைன்னு போட்டிருக்கு. எனக்கு மூணு நாள்தான் லீவு. எப்ப வரட்டும்?

13, 14, 15. யோசிக்காம டிக்கெட் போடுங்க. 15-ம் தேதி விடிகாலை 4:59-க்கு முரசு அதிரும், முதல் தேர் குஷிதா கோயிலுக்குள்ள பாயும். அது என்ன 4:59? முதல் தேருக்கு மட்டும் கோயில் முற்றத்துல நின்னு வாழ்த்துப் பாட்டு பாடுற உரிமை உண்டு. பாட்டுக்கு ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்தை 5 மணிக்கு முன்னாடியே ஒதுக்கிட்டாங்க!

தேர்னதும் வடம் பிடிக்கிறதை நினைச்சுக்காதீங்க. சக்கரமே கிடையாது. சுமார் ஒரு டன் எடையைத் தோள்ல தாங்கிட்டு ஓடணும், கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், அரை மணி நேரத்துல. ஓடிட்டே ஆள் மாறுவாங்க, தேர் நிக்காது. "ஓய்சா, ஓய்சா"ன்னு சத்தம் தெருமுனையில கேக்கும்போதே நமக்கு நெஞ்சு படபடக்கும். அடுத்த நொடி ஈர முதுகுகளா நம்மைக் கடந்து போயிருக்கும்.

கோயில் உள்ளே உட்கார டிக்கெட் ஜூன் கடைசியில விற்பாங்க, விற்ற வேகத்துல தீர்ந்துடும். கிடைக்கலைன்னா வருத்தப்படாதீங்க. என்னைக் கேட்டா தெருவோரம்தான் நல்ல இடம்.

கேள்வி: சின்னக் குழந்தைங்க இருக்கு. அந்நேரத்துக்கு எழுப்ப முடியாதே?

அப்ப 12-ம் தேதி வாங்க. மதியம் 3:59-க்கு ஒத்திகை ஓட்டம், அதே வேகம், தூரம் மட்டும் கொஞ்சம் கம்மி. 13-ம் தேதி மதியத்துக்கு மேல தேருங்க ஆத்தைத் தாண்டி, ஊரோட கடைவீதிப் பகுதியான டென்ஜின் பக்கமும் வரும்.

கேள்வி: தண்ணி ஊத்துவாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். முதல் வருஷம் விவரம் தெரியாம வாளிகளுக்குப் பக்கத்துலயே நின்னேன். போன் போச்சு. ஓடுறவங்க சூடு தணியத்தான் தெருக்காரங்க வீசுறாங்க, நாம நடுவுல மாட்டினா அவங்க மேல தப்பில்லை. போனை பிளாஸ்டிக் பையில போட்டுக்கோங்க.

தண்ணிக்குப் பின்னாடி ஒரு கதையும் உண்டு. 1241-ல ஊர்ல கொள்ளைநோய் பரவினப்ப, ஜோதென்ஜி மடத்தைச் சேர்ந்த ஷோஇச்சி கொகுஷிங்கிற துறவியைப் பலகையில தூக்கிட்டுப் போக, அவர் தெருத்தெருவா மந்திரத் தண்ணி தெளிச்சாராம். திருவிழா அதுலேருந்துதான் வந்ததுன்னு சொல்றாங்க.

கேள்வி: அந்த நாள்ல வெள்ளரிக்காய் சாப்பிடக் கூடாதாமே? புருடாவா?

தேர் தூக்குறவங்களுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டினா தெரியுற வடிவம் கோயில் சின்னத்தை மாதிரி இருக்குதாம். சாமி சின்னத்தைக் கடிச்சுத் தின்னலாமா? நீங்க தாராளமா சாப்பிடலாம்.

கேள்வி: ஜூலையில வர முடியாது. வேற மாசம் வந்தா பார்க்க ஒண்ணும் இல்லையா?

குஷிதா கோயில்ல பத்து மீட்டருக்கு மேல உயரமான அலங்காரத் தேர் ஒண்ணு அனேகமா வருஷம் முழுக்க நிக்கும். ஜூன்ல மட்டும் பிரிச்சிடுவாங்க. ஒரு காலத்துல இந்த உயரத்தையேதான் தூக்கிட்டு ஓடினாங்க. மின்கம்பி வந்ததும் ஓடுறது குட்டையாச்சு, உயரமானது நின்ன இடத்துலயே நின்னுடுச்சு. மே 3, 4-ல தொந்தாகுங்கிற இன்னொரு திருவிழா ஊர்வலமும் இருக்கு. கூட்டம் நெரியும், எனக்கு அவ்வளவா ஒட்டலை.

ஒரு நாளைப் பக்கத்துக் கோயில் ஊரான தசைஃபுவுக்கு ஒதுக்குங்க. டென்ஜின்லேருந்து ரயில்ல அரை மணி நேரம். கல்விக்கு அங்கே சாமியா கும்பிடுறது, பொய்ப் பழியில நாடுகடத்தப்பட்டு 903-ல இறந்துபோன சுகவாரா நோ மிச்சிசானேங்கிற அறிஞரை. பிப்ரவரி, மார்ச்ல போனா பிளம் மரமெல்லாம் பூத்திருக்கும்.

கேள்வி: நாங்க சைவம். பட்டினிதானா?

ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ராமென் நூடுல்ஸ் சூப் பன்றி எலும்புச் சாறு, அதனால அந்தப் பக்கம் போகாதீங்க. ஆத்தோரத் தள்ளுவண்டிக் கடைகள்ல மணம் பிரமாதமா இருக்கும், ஆனா உங்களுக்கு அங்கே பெருசா ஒண்ணும் தேறாது. காய்கறிக் குழம்புலகூட மீன் சாறு கலந்திருக்கும், கேட்டுட்டே வாங்குங்க. தசைஃபு கோயில் தெருவுல உமேகாஎ மோச்சின்னு ஒண்ணு சுடுறாங்க. அரிசி மாவுக்குள்ள இனிப்புப் பயறுப் பூரணம், இரும்பு அச்சுல வச்சு வாட்டி, மேல பிளம் பூ முத்திரை. பூரணத்துல நம்ம சுழியத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆறவிடாம, ஓரம் மொறுமொறுன்னு இருக்கும்போதே கடிங்க. பேர்ல பிளம் இருக்கே தவிர உள்ளே பிளம் கிடையாது.

கேள்வி: ரூம் எங்கே போடலாம்?

ஹகாதா இல்லேன்னா, ஹகாதாவுக்கும் டென்ஜினுக்கும் நடுவுல இருக்கிற நகாசு. விமான நிலையத்துலேருந்து சப்வேயில ஹகாதா ரெண்டாவது ஸ்டாப், அஞ்சு நிமிஷம். 14-ம் தேதி ராத்திரிக்கு மட்டும் மாசக்கணக்கா முன்னாடியே போட்டுடுங்க.